எல்லாருக்கும் மூச்சு 18: அறுவை வார்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

நான் செவிலியராக இருக்கும் அறுவை வார்டில், ஒரு நோயாளியின் சார்ட்டில் ஐந்து நாள் பதிவு இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதிய, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற எண்ணிக்கை வரிசையில் 18, 18, 20, 18, 18, 20 என்று போகிறது. நீலப் பேனா, கறுப்புப் பேனா, சாய்ந்த எழுத்து, குண்டு எழுத்து என்று ஆள் மாறியது தெரிகிறது. எண் மட்டும் மாறவில்லை. நான்காம் நாள் மதியம் இருக்கும் 18 என்னுடைய கையெழுத்து. நான் எண்ணவில்லை. எண்ணியதாக நினைவே இல்லை என்பதுதான் சரியான வாக்கியம்.

நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் இதில் வைக்கவில்லை. கற்பிக்கும் வசதிக்காக ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகளின் கூறுகளை ஒரே நோயாளியின்மேல் ஏற்றியிருக்கிறேன். கண்டவையும் கண்ட வரிசையும் வார்டில் நடப்பவைதான்.

நோயாளியும் ஒப்படைப்பும்

வயது 66, பெண், எடை 60 கிலோ. பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி. லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் வாயு நிரப்பிச் சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) வழியாக அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, சிறுகுடலின் முனையை மீதிப் பெருங்குடலோடு இணைத்திருந்தார்கள். வயிற்றில் டிரெயின் குழாய் வைக்கவில்லை. சிறுநீர்க் குழாயை இரண்டாம் நாளே எடுத்தாயிற்று. நீண்ட நாள் ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு, அறுவைக்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டு இன்சுலின் போகிறது. வலிக்குப் பாராசிட்டமால் 1 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, தவறாமல். இதில் மெட்டோப்ரோலாலையும் பாராசிட்டமாலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள் காலை 7:10-க்கு இரவு ஷிஃப்டிலிருந்து ஒப்படைப்பு. இரவுச் செவிலியர் 14 பேரைத் தனியாகப் பார்த்திருந்தார். அதில் ஒருவருக்கு நள்ளிரவில் ரத்தக் கசிவு. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அஞ்சாம் நாள், ஸ்டேபிள். ராத்திரி சரியாத் தூங்கலை. தோள்பட்டை வலின்னாங்க, திருப்பிப் படுக்க வெச்சேன். மோஷன் இன்னும் போகலை. காலைல எதுவும் வேண்டாம்னுட்டாங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ் பிளான்."

காலை 6 மணிப் பதிவு: மூச்சு 18, ஆக்ஸிஜன் அளவு 95%, பி.பி. 112/62, நாடி 86, வெப்பம் 37.2, விழிப்பு. ரத்தச் சர்க்கரை 238. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய நியூஸ்-2 என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண்ணில் (எண் கூடக்கூட ஆபத்து கூடுதல்) இது மொத்தமாக 1 தான் வரும். அந்த ஒன்றும் ஆக்ஸிஜன் 95 என்பதற்காக. 1 என்ற மதிப்பெண்ணுக்கு யாரும் யாரையும் எழுப்புவதில்லை.

கட்டிலுக்குப் போவதற்கு முன்

7:25-க்கு அந்த அறையின் வாசலில் நின்றேன். உள்ளே போய்த் தொடுவதற்கு முன்பு அரை நிமிடம் சும்மா பார்ப்பது பழைய பழக்கம். பாடப்புத்தகத்தில் இதற்குப் 'பொதுப் பார்வை' என்று பெயர் போட்டு இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் மொத்த மதிப்பீட்டில் பாதி இங்கேதான் முடிகிறது. ஆள் எப்படிப் படுத்திருக்கிறார், முகம் எந்த நிறம், நம்மைப் பார்த்ததும் கண் வருகிறதா, கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

அவர் மல்லாந்து, முழங்கால்களை லேசாக மடக்கி, அசையாமல் படுத்திருந்தார். முந்தைய நாள் இதே நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று கேட்டவர். நான் வந்ததைக் கவனித்தார், ஆனால் முகம் திரும்பவில்லை. கண் மட்டும் திரும்பியது. குடல் வலியில் துடிப்பவர்கள் புரளுவார்கள். வயிற்றின் உள்ளுறை வீங்கியவர்கள் அசையவே மாட்டார்கள், அசைந்தால் உரசும். அந்த நேரத்தில் இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஏதோ சரியில்லை என்று பட்டது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்த மகள் எழுந்து வந்தார். "சிஸ்டர், அம்மா ராத்திரியிலிருந்து ஒரு மாதிரி இருக்காங்க. கேட்டா பதில் சொல்றாங்க, ஆனா அம்மா இப்படிப் பேச மாட்டாங்க."

மூச்சு

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவதுதான் முறை. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாராலும் இயல்பாக மூச்சுவிட முடியாது. நீங்களே இப்போது உங்கள் மூச்சைக் கவனித்துப் பாருங்கள், மாறிவிடும். கையை அவர் நெஞ்சின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டால் ஏற்ற இறக்கம் கண்ணுக்கும் தெரியும், கைக்கும் தெரியும். முழு நிமிடம் எண்ணினேன். 26. நம்பிக்கை வராமல் மறுபடி ஒரு நிமிடம் எண்ணினேன். 26 தான். ஆழமில்லாத மூச்சு. வயிறு ஏறக்குறைய அசையவே இல்லை, மார்பின் மேல்பகுதி மட்டும் ஏறி இறங்கியது.

ஒரு மணி நேரம் இருபத்தைந்து நிமிடத்துக்கு முன்பு 18 என்று எழுதியிருந்த மூச்சு இது.

ஏன் எல்லாரும் 18 எழுதுகிறோம்? நாடி, அழுத்தம், வெப்பம், ஆக்ஸிஜன் ஆகியவற்றை இயந்திரம் காட்டிவிடுகிறது. வார்டில் மூச்சை மட்டும் மனிதன் எண்ண வேண்டும். மானிட்டர் இருக்கும் இடங்களில்கூட, மார்பில் ஒட்டிய மின்வில்லை வழியாக அது காட்டும் மூச்சு எண் நோயாளி பேசினாலோ அசைந்தாலோ தப்பாகும். ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் என்றால் 14 பேருக்கு 14 நிமிடம். அந்த நிமிடங்கள் இரவு ஷிஃப்டில் இல்லை. வயது வந்தவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று படித்திருக்கிறோம். 18 அதற்குள் பத்திரமாக இருக்கிறது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 2008-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை மூச்சு எண்ணிக்கையைப் 'புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி' என்றே தலைப்பில் எழுதியது. அதற்குப் பிறகும் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

ஆனால் உடல் கெட்டுப்போகும்போது முதலில் நகரும் குறிகளில் ஒன்று இதுதான். திசுக்களுக்கு ரத்தம் போதாமல் போனால் லாக்டிக் அமிலம் சேரும். அமிலம் கூடினால் மூளைத்தண்டு மூச்சை வேகப்படுத்தி, கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றி ஈடுகட்டப் பார்க்கும். ஆக்ஸிஜன் அளவு நன்றாகவே இருக்கும்போதும் மூச்சு ஏறலாம். அதனால் '95 காட்டுகிறதே' என்று ஆக்ஸிமீட்டரைப் பார்த்து மூச்சை ஊகிப்பது இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாக்குவது.

மருந்து மறைத்தவை

நாடி 88. சார்ட்டில் இது பச்சைக் கட்டம். நியூஸ்-2-இல் 51 முதல் 90 வரை பூஜ்யம். ஆனால் இவர் மெட்டோப்ரோலால் சாப்பிடுபவர். அறுவைக்கு முந்தைய நாள் இவருடைய நாடி 58. இதயத்தை வேகமாக அடிக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும் மருந்தையும் மீறி ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. மருந்து இல்லாதவராக இருந்தால் இதே நிலையில் 115, 120 காட்டியிருக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு முன்பே யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

வெப்பம் 37.4. சார்ட்டின்படி காய்ச்சல் இல்லை என்பதும் சரிதான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாராசிட்டமால் போகும் உடம்பில் காய்ச்சல் எப்படித் தெரியும்? தெர்மாமீட்டரைக் குறை சொல்ல முடியாது. அது சொல்வதை எந்த மருந்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது நம் வேலை. முதியவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் கடுமையான தொற்றிலும் வெப்பம் ஏறாமலே இருக்கலாம், சில சமயம் இறங்கக்கூடச் செய்யும்.

பி.பி.யைக் கையால் பார்த்தேன். இயந்திரத்தின் கஃப் அவர் கைக்கு அளவு சரியாக இல்லை என்று தோன்றியது. கஃப்பின் காற்றுப்பை கையின் சுற்றளவில் சுமார் 80% சுற்றி வர வேண்டும். சிறிய கஃப் போட்டால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 108/58. இதுவும் பலருக்கு இயல்பான அழுத்தம். இவருடைய வழக்கமான அழுத்தம் 152/84. மேல் எண்ணில் 44 சரிவு. வழக்கமான அளவிலிருந்து 40 குறைந்தாலே தாழ் அழுத்தம் என்றுதான் 1992-இல் வந்த செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) வரையறை எழுதியது. 90-க்குக் கீழே போகும்வரை காத்திருக்கும் பழக்கம் எங்கிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை.

அதாவது நாடி, வெப்பம், அழுத்தம் மூன்றும் பொய் சொல்லவில்லை. மூன்றையும் அவருடைய சொந்த அளவோடு யாரும் ஒப்பிடவில்லை. பழைய அளவு நான்கு பக்கம் பின்னால், அறுவைக்கு முந்தைய மதிப்பீட்டுத் தாளில் இருந்தது.

மனநிலை

பெயர் சொன்னார். மருத்துவமனை என்று சொன்னார். 6 மணிப் பதிவில் 'விழிப்பு' என்று எழுதியது இந்த அளவுக்குத்தான் சரி. நான் மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னேன்.

"டிசம்பர்... நவம்பர்... அக்டோபர்..." நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி, "அக்டோபர்." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

இது ஞாபக சக்தியைச் சோதிப்பதல்ல, கவனத்தைச் சோதிப்பது. டெலிரியத்தில், அதாவது உடல்நோயால் திடீரென்று வரும் மனக்குழப்பத்தில், முதலில் உடைவது கவனம். 4ஏடி என்ற சிறு சோதனையில் இதே கேள்வி இருக்கிறது. ஏழு மாதம் வரை தப்பில்லாமல் வந்தால் சரி என்று கொள்வார்கள். கத்தி, குழாயைப் பிடுங்கி, கட்டிலிலிருந்து இறங்க முயலும் டெலிரியத்தை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவோம். இவரைப்போல் அமைதியாக, தூக்கக் கலக்கமாக, 'தொந்தரவு இல்லாத நோயாளி'யாக இருப்பவரின் டெலிரியம்தான் தப்பிப்போகிறது. இரவு தூங்கவில்லை என்ற விளக்கம் அதற்கு நல்ல மறைவிடம்.

நியூஸ்-2 வந்தபோது சேர்த்த முக்கியமான மாற்றம் இது: புதிதாக வந்த குழப்பத்துக்கு நேராக 3 மதிப்பெண். 'புதிதாக' என்ற சொல்லை யார் உறுதி செய்வது? நான்கு நாள் பழகிய நான் இல்லை. மகள்தான். "அம்மா இப்படிப் பேச மாட்டாங்க" என்பது உறவினரின் பதற்றம் அல்ல, மருத்துவத் தகவல். அதை அந்தச் சொற்களிலேயே குறிப்பில் எழுதினேன்.

தோல், நெஞ்சு, கால்

விரல்கள் குளிர்ந்திருந்தன. குளிர்ந்த விரலில் ஆக்ஸிமீட்டரை நம்பக்கூடாது என்பதால் கையைச் சற்றுத் தேய்த்துச் சூடாக்கி, அலை ஒழுங்காக வந்த பிறகு பார்த்தேன்: 94%. கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்த பிறகு, எல்லைக்கோட்டில் நிற்கும் எண்களை நான் தாராளமாக எடுத்துக்கொள்வதில்லை.

நுனிவிரலை இதய மட்டத்துக்கு உயர்த்தி, ஐந்து விநாடி அழுத்தி விட்டேன். வெளிறிய இடத்தில் மறுபடி நிறம் வர நான்கு விநாடிக்கு மேல் ஆனது, ரத்த ஓட்டம் மந்தம் என்று அர்த்தம். மார்பெலும்பின் மேலும் அதே சோதனை, அங்கே மூன்று. குளிர்ந்த அறை, முதுமை இரண்டுமே இந்த நேரத்தைக் கூட்டும்; ஆளுக்கு ஆள் எண்ணுவதும் வேறுபடும். அதனால் இதை எளிய சோதனை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் 2019-இல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வு, செப்டிக் ஷாக் (செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரியும் நிலை) நோயாளிகளுக்குச் சிகிச்சையை நடத்த ரத்த லாக்டேட் அளவுக்கு மாற்றாக இதே விரல் சோதனையைத்தான் அரை மணிக்கு ஒரு முறை வைத்துப் பார்த்தது. செலவில்லாத, ஊசியில்லாத சோதனை அந்த ஒப்பீட்டில் தாக்குப்பிடித்தது.

போர்வையை விலக்கி முழங்காலைப் பார்த்தேன். முட்டியின்மேல் வலைபோலத் திட்டுத் திட்டாக ஊதா நிறம், கைக்கு ஜில்லென்று. வெளுத்த தோலில் இது பளிச்சென்று தெரியும். கருத்த தோலில் நல்ல வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் புறங்கையால் முட்டியின் குளிர்ச்சியைத் தொடையோடு ஒப்பிட வேண்டும். வெளிறலைப் பார்க்கக் கண்ணின் கீழிமை, உள்ளங்கை, நாக்கு. நாக்கு காய்ந்திருந்தது.

நெஞ்சில் வலது அடிப்பகுதியில் மூச்சொலி குறைவு. நிமோனியாவாக இருக்கலாம், ஆழமாக மூச்சிழுக்காததால் நுரையீரல் அடி சுருங்கியிருக்கலாம். காலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று கெண்டைக்கால்களை அளந்தேன், வித்தியாசம் அரை சென்டிமீட்டர்தான்; வீக்கமில்லை, சூடில்லை. பாதத்தை மேலே மடக்கி வலி பார்க்கும் பழைய சோதனையை நான் செய்வதில்லை, அது எந்தப் பக்கமும் நம்பும்படி சொல்வதில்லை. கால் சாதாரணமாக இருப்பதால் நுரையீரலில் ரத்தக்கட்டி இல்லை என்றும் ஆகிவிடாது. ஆகவே அந்தச் சந்தேகத்தை அழிக்காமல் அப்படியே விட்டேன்.

வயிறு

மற்ற உறுப்புகளைப் பார்த்து, தொட்டு, தட்டி, கேட்போம். வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும்: முதலில் பார்வை, அப்புறம் ஸ்டெதஸ்கோப், அதற்குப் பிறகுதான் கை. முன்கூட்டியே அழுத்தினால் குடல் ஒலி மாறிவிடும் என்பது பாடம். அதைவிட எனக்குப் பிடித்த காரணம், முதலிலேயே வலிக்க வைத்துவிட்டால் அதற்குப் பிறகு நோயாளி எங்கே தொட்டாலும் இறுக்கிக்கொள்வார்.

பார்வையில் வயிறு நேற்றைவிட உப்பியிருந்தது. தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அளந்தேன், ஆனால் நேற்றைய அளவு எங்கும் இல்லை. ஒப்பிட ஆளில்லாத எண் அது. (அப்போதும் எழுதி வைத்தேன், அடுத்தவருக்காவது பயன்படட்டும்.) காயங்கள் சுத்தமாக இருந்தன. சிவப்பில்லை, கசிவில்லை. வெளியே காயம் அழகாக இருப்பதைப் பார்த்து உள்ளேயும் அப்படித்தான் என்று மனம் தானாகவே நினைத்துக்கொள்ளும், இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

குடல் ஒலி கேட்கவில்லை. இல்லை என்று எழுத வேண்டுமானால் ஐந்து நிமிடம் கேட்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். நான் இரண்டு நிமிடம் கேட்டேன், அதையே எழுதினேன்: 'இரண்டு நிமிடத்தில் ஒலி கேட்கவில்லை'. உண்மையைச் சொன்னால் குடல் ஒலியை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரே வயிற்றை இரண்டு பேர் கேட்டு இரண்டு விதமாகச் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காற்று பிரிந்ததா என்று நோயாளியைக் கேட்பது அதைவிட நல்ல சோதனை. நேற்று மதியம் பிரிந்தது, அதற்குப் பிறகு இல்லை.

அப்புறம் தட்டினேன். வலி எங்கே என்று கேட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் இடது கீழ் வயிற்றில் தொடங்கி, என் கண்ணை அவர் முகத்தில் வைத்துக்கொண்டு தட்டினேன். கையைப் பார்த்துக்கொண்டு வயிற்றைச் சோதிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். வலப்பக்கம் வந்ததும், லேசான விரல் தட்டலுக்கே நெற்றி சுருங்கியது, மூச்சு நின்று மறுபடி தொடங்கியது. தட்டினாலே வலி என்றால், ஆழமாக அழுத்தி சட்டென்று கையை எடுத்துப் பார்க்கும் சோதனை தேவையே இல்லை. அது வீண் வேதனை. உள்ளங்கையைத் தட்டையாக வைத்தேன். தசை பலகையாக இல்லை, ஆனால் தன்னால் இறுகியது. மூச்சை வெளியே விடச் சொன்னபோதும் இறுக்கம் தளரவில்லை.

அப்போதுதான் தோள்பட்டை நினைவுக்கு வந்தது. "எந்தத் தோள் அம்மா?" என்றேன். வலது தோளின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். தோளை அசைத்துப் பார்த்தேன், மூட்டில் வலி இல்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் ஃபிரெனிக் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்பு வேர்களிலிருந்து இறங்குகிறது. தோளின் தோலுக்கும் அதே வேர்களிலிருந்துதான் உணர்வு போகிறது. உதரவிதானத்தின் அடியில் ஏதாவது உறுத்தினால் தோளில் வலி தெரியும். லேப்ராஸ்கோப்பி முடிந்த ஓரிரு நாளில் உள்ளே மிஞ்சிய வாயுவால் இந்த வலி வருவது சாதாரணம். ஐந்தாம் நாள் புதிதாக வருவது சாதாரணம் இல்லை.

சிறுநீர்க் கணக்கையும் பார்த்தேன். கடந்த எட்டு மணி நேரத்தில் ஒரே முறை, 150 மில்லி. 60 கிலோ எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது வேண்டும். இங்கே 19-ஐத் தாண்டவில்லை. குழாய் எடுத்த பிறகு சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தோம். பையில் 60 மில்லிதான். ஆகவே வெளியே வராமல் தங்கவில்லை, சிறுநீரகத்திலேயே உற்பத்தி குறைந்திருக்கிறது.

கூட்டல்

மூச்சு 26-க்கு 3. ஆக்ஸிஜன் 94-க்கு 1. மேல் அழுத்தம் 108-க்கு 1. நாடிக்கு 0, வெப்பத்துக்கு 0. புதிய குழப்பத்துக்கு 3. மொத்தம் 8. ஏழு வந்தாலே அவசர அழைப்பு. ஒன்றரை மணி நேரத்தில் 1 எட்டாகியிருக்கிறது என்று சார்ட் சொன்னது. அப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை. இரவிலிருந்தே மெல்ல ஏறிக்கொண்டிருந்த ஒன்றைக் காலையில்தான் யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

8-இல் 6 மதிப்பெண் இயந்திரம் இல்லாமல் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்: ஒன்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணியது, இன்னொன்று மகள் சொன்னது.

7:50-க்கு டியூட்டி டாக்டருக்கு போன். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்ற நான்கு படி வரிசையில் பேசுவது, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த முறை. அதன் பயன், செவிலியர் கடைசிப் படியை விழுங்கிவிட முடியாது என்பதுதான்.

"டாக்டர், அறுவை வார்டிலிருந்து பேசறேன். வலப்பக்கக் குடல் எடுத்த அம்மாவுக்கு நியூஸ் 8. மூச்சு 26, புதுசா குழப்பம் இருக்கு. அஞ்சாம் நாள், மெட்டோப்ரோலால்லயும் பாராசிட்டமால்லயும் இருக்காங்க, அதனால நாடியும் காய்ச்சலும் காட்டலை. பி.பி. 108, வழக்கமா 152. வலது வயித்துல தட்டினாலே வலி, வலது தோள்ல வலி, முட்டி ஜில்லுன்னு திட்டுத்திட்டா இருக்கு, எட்டு மணி நேரத்துல 150 மில்லிதான் யூரின். குடல் இணைப்பு கசியுதோன்னு பயப்படறேன். நீங்க இப்பவே வரணும், சர்ஜனுக்கும் சொல்லணும்."

"ஆறு மணிக்கு ஸ்கோர் 1 தானே இருந்துச்சு?"

"அந்த மூச்சு எண்ணினதான்னு எனக்குச் சந்தேகம், டாக்டர். நான் ரெண்டு தடவை முழு நிமிஷம் எண்ணினேன்."

அவர் வாதாடவில்லை. 8:05-க்கு வந்துவிட்டார். 'ஒரு மாதிரி இருக்காங்க, வந்து பாருங்க' என்று மட்டும் சொல்லியிருந்தால் வந்திருப்பாரா என்று தெரியாது. நோயின் பெயரைச் செவிலியர் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் நோயறிதல் எழுதவில்லை, என் பயத்தைச் சொன்னேன். பயத்துக்குக் காரணங்களும் கையில் இருந்தன.

பின்பு நடந்தவை

லாக்டேட் 3.9, இயல்பைவிட அதிகம். கிருமி பார்க்க ரத்தக் கல்ச்சர் எடுத்து, 8:40-க்கு ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏறியது. டிரிப் திரவம் கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில் தொடங்கி, அரை மணிக்கு ஒரு முறை மூச்சு, விரல், முட்டி, பி.பி. பார்த்தோம். மெட்டோப்ரோலாலைக் காலையில் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டு நிறுத்தினோம். ஒப்படைப்புத் தாளில் அது 8 மணி மருந்து, கேட்காவிட்டால் போயிருக்கும். சி.டி.யில் குடல் இணைப்பைச் சுற்றித் திரவமும் வாயுவும், கல்லீரலின் மேல்பக்கம் வரை. மதியம் மறுபடி அறுவை: இணைப்பை எடுத்துவிட்டு, சிறுகுடல் முனையை வயிற்றின் வெளியே கொண்டுவந்து பை பொருத்தினார்கள். நான்கு நாள் ஐ.சி.யூ. மொத்தம் 23-ஆம் நாள் வீட்டுக்குப் போனார்.

சார்ட்டைத் திரும்பப் படித்தபோது

அன்று மாலையே முழுச் சார்ட்டையும் எடுத்து ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். நாடி 58, 60, 66, 74, 86, 88. மேல் அழுத்தம் 152, 146, 138, 124, 112, 108. எந்த ஒரு கட்டமும் தனியாகப் பார்த்தால் பதறத் தேவையில்லை. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது, நடுவில் சந்திக்கப் போகின்றன. மதிப்பெண் முறை ஒவ்வொரு நேரத்தையும் தனித்தனியாகத்தான் மதிப்பிடும். இந்தச் சரிவு அதன் கண்ணில் படாது. அந்த வரிசைகளைக் கோடாக வரைந்து பார்க்கும் சார்ட்டும் எங்களிடம் இருந்தது. நாங்கள் அதில் புள்ளி வைத்தோம், கோட்டை இழுக்கவில்லை.

சர்க்கரை இன்னொன்று. நான்காம் நாள் வரை 140, 160 என்று இருந்தது, ஐந்தாம் நாள் காலை சாப்பிடாமலே 238. அதற்கு இன்சுலின் அளவைக் கூட்டினார்கள், சரி. ஏன் ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. உடம்பில் தொற்று அழுத்தும்போது சர்க்கரைக்காரர்களுக்கு இப்படி ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

இரவுச் செவிலியரைப் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தகுதியும் இல்லை. அவருடைய 18-க்கு முன்னால் என் 18 இருக்கிறது. நான்காம் நாள் மதியம் நிஜமாக எண்ணியிருந்தால் 18 தான் வந்திருக்குமோ, 22 வந்திருக்குமோ. அந்த எண் இனி யாருக்கும் கிடைக்காது.

எதிர்வாதமும் உண்டு. எல்லா நோயாளிக்கும் எல்லா ஷிஃப்டிலும் தலை முதல் கால் வரை பார்க்க முடியாது. பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டால் அதுவும் 18 ஆகிவிடும், பெரிய படிவத்தில் எழுதிய 18. அதே வாரம் இன்னொருவருக்கு மூச்சு 24 என்று நான் டாக்டரை அழைத்தேன். அவருக்குக் கழிவறைக்குப் போக வேண்டும், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு படுத்திருந்தார். போய் வந்ததும் 16. டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். அப்படி இரண்டு மூன்று நடக்கும் என்று ஏற்றுக்கொண்டால்தான் இதைச் செய்ய முடியும்.

நாங்கள் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. இரண்டு விஷயம் செய்தோம். அறுவைக்கு முந்தைய அழுத்தத்தையும் நாடியையும் ஒவ்வொரு நாளும் சார்ட்டின் தலைப்பில் சிவப்பில் எழுதுகிறோம், பக்கத்திலேயே நாடியையோ காய்ச்சலையோ மறைக்கும் மருந்துகளின் பெயரையும். மூச்சை முழு நிமிடம் எண்ணுகிறோம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் எப்போதும் இரட்டைப்படை எண்தான் வரும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் 16, 20, 24 தான், ஒரு மூச்சு தவறினால் நான்கு தவறும். பொறுப்புச் செவிலியர் இப்போது வார்டைச் சுற்றி வரும்போது சார்ட்டுகளில் அந்த ஒரு வரிசையை மட்டும் விரலால் ஓட்டிப் பார்க்கிறார். போன வாரம் நான் பார்த்த ஒரு சார்ட்டில் 17, 15, 19, 21, 17 என்று இருந்தது. 21-க்குப் பக்கத்தில் யாரோ சின்னதாக எழுதியிருந்தார்கள்: 'படி ஏறி வந்தார், பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணினேன்'.